வட கரோலினாவில் ஒரு ஸ்டாக் கார் வரலாற்றுச் சுற்றுலா

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம் பிறந்த காலத்து இடங்களை ஒரே நாளில் காட்டுவதாக விளம்பரம் செய்யும் வேன் சுற்றுலா ஒன்றில், சென்ற அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமையொன்றில் நானும் என் மனைவியும் சென்று வந்தோம். கேரி, மோரிஸ்வில் பகுதிகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் மலைக்கோ கடற்கரைக்கோ போவது வழக்கமே தவிர, வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இப்படியொரு வரலாறு கிடப்பது எங்களைப் போன்ற பலருக்குத் தெரியாது என்பதால் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். சுற்றுலாவை நடத்துபவர் ஒரே ஒரு வேனை வைத்துக்கொண்டு தாமே ஓட்டுநராகவும் வழிகாட்டியாகவும் இருக்கும் சிறு தொழில்முனைவர். குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் அவருடைய பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ குறிப்பிடவில்லை. கட்டணம் ஒருவருக்கு 100 டாலருக்குச் சற்று மேல். மதிய உணவும் அதில் அடக்கம். காலை 7 மணிக்குப் புறப்பட்டு இரவு 7 மணிக்குத் திரும்பினோம்.

பந்தயம் பற்றி எதுவும் தெரியாமல் செல்பவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே 'ஸ்டாக்' என்பதற்குப் பங்குச் சந்தையோடு தொடர்பில்லை. ஷோரூமில் இருப்பில் உள்ள, யார் வேண்டுமானாலும் பணம் கொடுத்து வாங்கி ஓட்டக்கூடிய கார் என்பதே பொருள். பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்த வண்டிகளை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சந்தைக்கு ஓட்டிப்போகும் அதே காரை மண் தடத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதில்தான் இந்த விளையாட்டின் கவர்ச்சி முழுவதும் இருந்தது. இந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்காரின் தடங்களில் இன்று ஓடுபவை வெளித்தோற்றத்தில் மட்டுமே கடைக் காரைப் போலிருக்கும். உள்ளே இருப்பது முழுக்க முழுக்கப் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட இயந்திரம்.

முதல் நிறுத்தம் ஹில்ஸ்பரோ. இந்தச் சுற்றுலாவுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி இங்கேயே ஈடாகிவிட்டது என்று சொல்வேன். ஈனோ ஆற்றின் கரையில், பைன் மரங்களும் சிக்கமோர் மரங்களும் அடர்ந்த ஒரு காட்டுக்குள் அகலமான மண்பாதையொன்று நீள்வட்டமாக வளைந்து செல்கிறது. சற்று நேரம் நடந்த பிறகுதான், அது நடைபாதைக்காக வெட்டப்பட்டதன்று, கார்கள் ஓடியதால் இறுகிய தடம் என்பது உறைக்கிறது. ஆக்கனீச்சி ஸ்பீட்வே என்று பெயர் கொண்ட இந்தத் தடம் ஒரு சுற்றுக்கு 0.9 மைல் நீளம். 1949-இல் நாஸ்கார் நடத்திய முதல் கடைக் கார் பருவத்தின் மண் தடங்களில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 2002-இல் நாட்டின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் இதைச் சேர்த்தார்கள்.

வழிகாட்டி தம் பேச்சில் மிகச் சிறப்பாக இருந்ததும் இங்கேதான். இந்த நிலம் ஜூலியன் கார் என்ற புகையிலை, துணி ஆலைச் செல்வந்தரின் பண்ணையாக இருந்தது. அவர் குதிரைப் பந்தயப் பிரியர் என்பதால் அரை மைல் நீளத்துக்கு ஒரு குதிரைத் தடம் அமைத்திருந்தார். நாஸ்காரை நிறுவிய பில் பிரான்ஸ் இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் சிறு விமானத்தில் பறக்கும்போது அந்தத் தடத்தை மேலிருந்து பார்த்து, இடத்தைக் கையகப்படுத்திப் பெரிதாக்கினார். 1949 ஆகஸ்ட் 7-ஆம் தேதி நாஸ்காரின் கடைக் கார் பந்தயங்களில் மூன்றாவது இங்கே நடந்தது. அட்லாண்டாவைச் சேர்ந்த ஃப்ளாக் சகோதரர்களில் ஒருவரான பாப் ஃப்ளாக் வென்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 13-இல், 21 வயதான ஃபயர்பால் ராபர்ட்ஸ் தம் முதல் வெற்றியை இதே மண்ணில் பெற்றார். 'தீப்பந்து' என்ற அந்தப் பட்டப்பெயர் கார் ஓட்டிய வேகத்துக்காக வந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இளமையில் அவர் பேஸ்பால் வீசிய வேகத்துக்காகக் கிடைத்தது.

தடத்தின் வெளிவளைவில் நின்று பார்த்தால் ஆறு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்பது தெரியும். அந்நாளில் தடுப்புவேலி என்று சொல்லத்தக்க ஏதும் இல்லை. வளைவில் பிடி விட்ட கார் மரத்தில் மோதும், அல்லது ஆற்றங்கரைச் சரிவில் இறங்கும். தென் கரோலினாவின் கிரீன்வில்லைச் சேர்ந்த லூயிஸ் ஸ்மித் என்ற பெண் ஓட்டுநர் இங்கே காரோடு உருண்டு பலத்த காயமடைந்தார். பெண் ஓட்டுநர் என்பதை வியப்புக்குரிய விதிவிலக்காகக் கருத வேண்டியதில்லை. 1949 ஜூலை 10-இல் டேட்டோனா கடற்கரையில் நடந்த இரண்டாவது பந்தயத்தில் லூயிஸ் ஸ்மித், சாரா கிறிஸ்டியன், ஃப்ளாக் சகோதரர்களின் அக்காள் எத்தல் மோப்லி ஆகிய மூன்று பெண்கள் ஆண்களோடு சேர்ந்தே ஓடினார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும் இந்த விளையாட்டில் பெண் ஓட்டுநர்களை விரல்விட்டு எண்ணும் நிலையே இருப்பதை நினைத்தால், தொடக்கம் எவ்வளவு திறந்ததாக இருந்தது என்பது விளங்குகிறது.

மேட்டில் பார்வையாளர்கள் அமர்ந்த காங்கிரீட் படிகள் இலைச் சருகுகளுக்கு அடியில் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் அமர்ந்துதான் இந்தத் தடம் மூடப்பட்ட கதையைக் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் நடப்பதை உள்ளூர் மதபோதகர்கள் தொடர்ந்து எதிர்த்தார்கள். 1968 செப்டம்பர் 15-இல் ரிச்சர்ட் பெட்டி என்ற ஓட்டுநர் வென்ற போட்டியோடு கதவு சாத்தப்பட்டது. மறு ஆண்டே பில் பிரான்ஸ் அலபாமாவின் டல்லடேகாவில் 2.66 மைல் நீளத்தில் உலகின் மிக வேகமான தடங்களில் ஒன்றைத் திறந்துவிட்டார். ஆளில்லாமல் போன ஹில்ஸ்பரோவில் மரங்கள் முளைத்தன. அந்தப் புறக்கணிப்பே தடத்தைக் காப்பாற்றியும் விட்டது. மற்ற ஊர்களின் மண் தடங்கள் தார் பூசப்பட்டன, அல்லது வணிக வளாகங்களுக்கு அடியில் புதைந்துபோயின.

இவ்வளவு வளமான இடத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஐம்பதே நிமிடம் என்பது இந்தச் சுற்றுலாவின் முதல் பெருங்குறை. ஒரு சுற்றை நிதானமாக நடந்து முடிக்கவே அரை மணி நேரம் ஆகும். மீதி நேரத்தில் படிக்கட்டையும் ஆற்றையும் பார்த்துவிட்டு, வேனின் ஹாரன் சத்தத்துக்கு ஓடிவர வேண்டியிருந்தது.

அடுத்த ஒரு மணி நேரப் பயணத்தில் வழிகாட்டி பேசியவற்றைப் பற்றி எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்டாக் கார் பந்தயம் கள்ளச்சாராயக் கடத்தலிலிருந்து பிறந்தது என்பதே அவருடைய ஒரே பல்லவி. அதில் உண்மை இல்லாமலில்லை. மதுவிலக்கு 1933-இல் நீங்கிய பிறகும் கூட்டாட்சி அரசு சாராயத்தின் மீது கடும் வரி விதித்தது. 1944-இல் அது காலனுக்கு 9 டாலராக உயர்ந்தது. தெற்கில் பல மாவட்டங்கள் தாமாகவே மதுவிலக்கைத் தொடர்ந்தன. மலைக்காட்டில் ஊறல் போட்டுக் காய்ச்சியதை இரவோடிரவாக நகரத்துக்குக் கொண்டுபோக வேகமான, பார்வைக்குச் சாதாரணமான கார் வேண்டும். 1939, 1940-ஆம் ஆண்டுகளின் ஃபோர்ட் வி8 கூப்பே அதற்கென்றே வார்த்ததைப் போல வந்து சேர்ந்தது. பின் இருக்கையை எடுத்துவிட்டு, நூறு காலனுக்கு மேல் ஏற்றினாலும் வண்டியின் பின்புறம் தாழ்ந்து காட்டிக் கொடுக்காதபடி ஸ்பிரிங் பட்டைகளைக் கெட்டியாக்கி, விளக்கை அணைத்துவிட்டு மலைப்பாதையில் ஓட்டினார்கள். அந்தக் கார்களைச் செம்மைப்படுத்திய மெக்கானிக்குகளும் ஓட்டிய இளைஞர்களும் ஞாயிறு மதியம் மேய்ச்சல் நிலத்தில் ஒருவரையொருவர் முந்திப் பார்த்ததும் நடந்ததுதான். அட்லாண்டாவில் சாராயத்திலும் சூதாட்ட இயந்திரத்திலும் பணம் பார்த்த ரேமண்ட் பார்க்ஸ் இல்லாவிட்டால் முதல் அணிகளுக்குப் பணம் போட ஆளே இருந்திருக்காது. அவருடைய உறவினரும் மிகத் திறமையான ஓட்டுநருமான லாய்ட் சீ, 1941 செப்டம்பர் 1-ஆம் தேதி அட்லாண்டாவில் பந்தயத்தை வென்ற மறுநாளே, சாராயம் காய்ச்ச வாங்கிய சர்க்கரையின் கணக்குத் தகராறில் சொந்தக்காரர் ஒருவரின் துப்பாக்கிக்கு இரையானார். டாசன்வில்லில் உள்ள அவருடைய கல்லறையில் 1939 ஃபோர்ட் காரைச் செதுக்கி, அதன் சன்னலில் அவர் படத்தைப் பதித்திருக்கிறார்கள்.

ஆனால் கள்ளச்சாராயம் காரையும் ஓட்டுநரையும் தந்ததே தவிர, பந்தயத்தைத் தரவில்லை. பந்தயம் நிலைபெறுவதற்கு வேண்டியிருந்தது, பரிசுப் பணத்தோடு ஓடிப்போகாத அமைப்பாளர், எல்லா ஊருக்கும் ஒரே விதிப்புத்தகம், யார் எத்தனை சுற்று முடித்தார் என்ற நம்பகமான கணக்கு ஆகிய மூன்றும். 1936-இல் டேட்டோனா நகராட்சியே கடற்கரை மணலையும் பக்கத்துச் சாலையையும் இணைத்து 3.2 மைல் தடத்தில் ஒரு பந்தயம் நடத்திப் பெரும் நஷ்டப்பட்டது. வாஷிங்டனிலிருந்து பிழைப்புத் தேடி அங்கே குடியேறிய பில் பிரான்ஸ் என்ற மெக்கானிக் அதில் ஐந்தாவதாக வந்தார். எது தவறாகப் போனது என்பதைத் தடத்திலிருந்தே பார்த்த அவர், இரண்டாண்டுகளில் பந்தயத்தைத் தாமே எடுத்து நடத்தத் தொடங்கினார். 1947 டிசம்பர் 14-இல் டேட்டோனாவின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டல் மாடி மதுக்கூடத்தில் அவர் கூட்டிய கூட்டத்திலிருந்துதான் நாஸ்கார் உருவானது. பெயரைச் சூட்டியவர் ரேமண்ட் பார்க்ஸின் மெக்கானிக்கான ரெட் வாக்ட். 1948 பிப்ரவரி 21-இல் அது முறைப்படி பதிவுசெய்யப்பட்டது. அந்த 1948 பருவத்திலேயே கடைக் கார்களை ஓடவிடாததற்கும் காரணம் உண்டு: போருக்குப் பிறகு புதிய கார் வாங்கவே மக்கள் வரிசையில் காத்திருந்தபோது, புத்தம்புதுக் கார்களைப் பந்தயத்தில் நசுக்குவதைப் பார்த்தால் கூட்டம் கைதட்டாது என்று பிரான்ஸ் கணித்தார்.

இந்தப் பக்கத்தை எங்கள் வழிகாட்டி இரண்டு வாக்கியங்களில் கடந்துபோனார். அவருடைய கதையையே தலைகீழாக்கும் சான்று 1949 ஜூன் 19-இல் இருக்கிறது. சார்லட் நகரத்தின் முக்கால் மைல் மண் தடத்தில், ஏறத்தாழ 13,000 பேர் பார்க்க, 33 கார்களுடன் முதல் கடைக் கார் பந்தயம் நடந்தது. 200 சுற்றுகளின் முடிவில் கிளென் டனவே என்பவர் 1947 ஃபோர்டில் மூன்று சுற்று முன்னிலையில் வெற்றிக் கொடியைக் கண்டார். சோதனையிட்டபோது, காரின் பின் ஸ்பிரிங்குகள் சாராயம் கடத்துவதற்காக விரித்துக் கெட்டியாக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கடைக் காரில் அப்படியொன்று இருக்காது என்பதால் வெற்றி பறிக்கப்பட்டு, கான்சஸ் மாநிலத்திலிருந்து தம் லிங்கன் காரைச் சாலையிலேயே ஓட்டி வந்திருந்த ஜிம் ரோப்பருக்கு 2,000 டாலர் முதல் பரிசு போனது. காரின் உரிமையாளர் ஹியூபர்ட் வெஸ்ட்மோர்லண்ட் வழக்குத் தொடுத்தார். விதியை அமல்படுத்தும் உரிமை அமைப்புக்கு உண்டு என்று சொல்லி நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். நாஸ்காரின் தலையாய பந்தயத் தொடரில் நிர்வாகம் எடுத்த முதல் முடிவே சாராயக் காரை வெளியே அனுப்பியதுதான் என்பதை, சாராயக் கதை விற்கும் சுற்றுலாவில் கேட்க முடியாதது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

இரண்டாவது நிறுத்தம் லெவல் கிராஸ் என்ற சிற்றூரில் உள்ள பெட்டி குடும்பத்து அருங்காட்சியகம். சார்லட்டின் அந்த முதல் பந்தயத்துக்கு ரிச்சர்ட் பெட்டியின் தந்தை லீ பெட்டி இங்கிருந்துதான் நண்பரிடம் இரவல் வாங்கிய பியூக் காரை ஓட்டிக்கொண்டு போனார். தடத்தில் அது உருண்டு நொறுங்கிற்று. பதினோரு வயது மகன் ரிச்சர்ட் அதை நேரில் பார்த்தார். வந்த வண்டி போனதால் குடும்பம் வேறு வண்டியில் ஏறி வீடு திரும்ப வேண்டியதாயிற்று. அப்போது லீக்கு வயது 35. பெரிய காரின் வலிமையைக் காட்டிலும் சிறிய காரின் எடைக்குறைவே வளைவில் உதவும் என்ற பாடத்தோடு அவர் எளிய பிளைமவுத் ஒன்றை எடுத்து, அதே ஆண்டு பென்சில்வேனியாவில் வென்றார். அறுவடை இயந்திரம் நிறுத்தும், மண் தரை கொண்ட கொட்டகையே அந்தக் குடும்பத்தின் முதல் பட்டறை. அங்கிருந்து தந்தை மூன்று முறையும் மகன் ஏழு முறையும் சாம்பியன் ஆனார்கள். மகனின் 200 வெற்றிகளை இதுவரை எவரும் நெருங்கவில்லை.

இங்கே வழிகாட்டி சொன்ன ஒரு கதையை முழுமனதோடு பாராட்டுகிறேன். 1959 ஜூன் 14-இல் அட்லாண்டாவின் லேக்வுட் தடத்தில் ரிச்சர்டுக்கு முதல் வெற்றிக் கொடி காட்டப்பட்டது. உடனே ஒருவர் எழுந்து, சுற்றுகளை எண்ணியது தவறு என்று முறையிட்டார். முறையிட்டவர் அவருடைய தந்தை லீ. எண்ணிப் பார்த்ததில் தந்தை சொன்னதே சரி என்றாகி, வெற்றி அவருக்கே மாறியது. அதே ஆண்டு பிப்ரவரி 22-இல் புதிதாகத் திறக்கப்பட்ட டேட்டோனா தடத்தின் முதல் 500 மைல் பந்தயத்தில், ஜானி போஷாம்ப் வென்றதாக முதலில் அறிவிக்கப்பட்டது. புகைப்படங்களையும் செய்திப் படச்சுருளையும் வரவழைத்து ஆராய்ந்து, 61 மணி நேரம் கழித்து லீ பெட்டியே வெற்றியாளர் என்று பில் பிரான்ஸ் மாற்றி அறிவித்தார். கையால் சுற்று எண்ணிய அந்தக் காலத்தில் கணக்குப் புத்தகம் எவ்வளவு பெரிய அதிகாரமாக இருந்தது என்பதை இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

அந்த அதிகாரத்தின் இருண்ட பக்கத்தை நானே கேட்டுப் பெறவேண்டியிருந்தது. வெர்ஜீனியாவின் டான்வில்லைச் சேர்ந்த வெண்டல் ஸ்காட் கறுப்பினத்தவர். அவரும் சாராயம் கடத்தியவர். 1952-இல் கூட்டம் சேர்ப்பதற்காக ஒரு கறுப்பின ஓட்டுநரைத் தேடிய அமைப்பாளருக்கு, தங்களிடம் சிக்காமல் ஓட்டுபவர் இவர் என்று பெயர் சொன்னவர்கள் காவலர்களே. 1963 டிசம்பர் 1-இல் புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் அவர் வென்றபோது கொடி அவருக்குக் காட்டப்படவில்லை. பக் பேக்கர் வென்றதாகக் கொண்டாட்டமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகே கணக்குத் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். உரிய கோப்பை அவருடைய குடும்பத்தாரின் கைக்கு 2021-இல்தான் வந்தது. ஸ்காட் இறந்து அதற்குள் 30 ஆண்டுகள் கடந்திருந்தன. நான் கேட்ட பிறகு வழிகாட்டி இவற்றைச் சரியாகவும் மரியாதையோடும் சொன்னார். தெரிந்திருந்தும் தாமாகச் சொல்லாததுதான் குறை.

மதிய உணவைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பன்றி இறைச்சி பார்பெக்யூ கடையொன்றில் நிறுத்தினார். சைவம் என்று பதிவு செய்யும்போதே குறித்திருந்தும் என் மனைவிக்குக் கிடைத்தவை முட்டைக்கோஸ் துருவலும் சோளமாவு உருண்டையும் மட்டுமே. சைவர்கள் கட்டுச்சோறு எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது நிறுத்தமான நார்த் வில்க்ஸ்பரோவுக்கு லெவல் கிராஸிலிருந்து ஒன்றரை மணி நேரம். வேனின் பின் வரிசையில் குளிர்சாதனக் காற்று எட்டவில்லை. அக்டோபர் என்பதால் பொறுத்துக்கொண்டோம், ஜூலையில் சிரமம்தான். 1947-இல் இனாக் ஸ்டேலி திறந்த இந்த 0.625 மைல் தடத்தில் ஒரு விந்தை உண்டு: நிலத்தைச் சமப்படுத்தப் பணம் போதாமல் போனதால் முன் நேர்த்தடம் இறக்கமாகவும் பின் நேர்த்தடம் ஏற்றமாகவும் அப்படியே விடப்பட்டன. 1949 அக்டோபர் 16-இல் முதல் பருவத்தின் எட்டாவதும் கடைசியுமான பந்தயம் இங்கே நடந்தது. காலையில் நாங்கள் நடந்த ஹில்ஸ்பரோவில் வென்ற அதே பாப் ஃப்ளாக்தான் இங்கும் வென்றார். ஆனால் சாம்பியன் பட்டம், பார்க்ஸின் ஓல்ட்ஸ்மொபைல் காரை ஓட்டிய ரெட் பைரனுக்குப் போனது. போரில் குண்டுவீச்சு விமானத்தில் இடது காலைச் சிதைத்துக்கொண்டு திரும்பிய பைரன், கிளட்சை மிதிப்பதற்கென்று தனியே செய்த இரும்புப் பிடிப்போடு ஓட்டியவர். தடம் 1996-க்குப் பிறகு கைவிடப்பட்டு, அண்மைக் காலத்தில்தான் உயிர்பெற்றிருக்கிறது. நாங்களோ அதை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். உள்ளே செல்ல முன்கூட்டியே ஏற்பாடு செய்வது நடத்துபவரின் வேலை, அவர் செய்திருக்கவில்லை.

மாறாக, பக்கத்தில் உரிமத்தோடு மூன்ஷைன் வடிக்கும் ஆலையொன்றில் முக்கால் மணி நேரம் செலவழித்தோம். ஹில்ஸ்பரோவுக்குக் கிடைத்த நேரத்துக்கு ஏறக்குறைய சமமான நேரம் அது. கண்ணாடிச் சாடிகளில் ஆப்பிள், பீச் சுவைகளில் சாராயத்தைச் சுவைக்கக் கொடுத்து, டி-சட்டை விற்கும் இடம். இந்த வில்க்ஸ் மாவட்டத்தின் மகனான ஜூனியர் ஜான்சனைச் சாலையில் துரத்திப் பிடிக்க எவராலும் முடியவில்லை. 1956-இல் தந்தையின் ஊறல் பானைக்கு அருகே நடந்து சென்றபோதுதான் பிடிபட்டு, ஒஹாயோ சிறையில் 11 மாதம் இருந்தார். மொத்தம் 50 பந்தயங்களை வென்றவர் அவர். 1986-இல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அந்த மனிதரின் ஊரில் நின்றுகொண்டு பீச் சுவைச் சாராயத்தின் விலை அட்டையைப் படிப்பது எனக்கு ஒவ்வவில்லை. உடன் வந்த மற்ற ஆறு பேரும் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று தருவேன். மூன்றில் இரண்டு ஹில்ஸ்பரோவுக்கு, ஒன்று வழிகாட்டியின் நினைவாற்றலுக்கு. காரில்லாதவர்களும் ஒரே நாளில் எல்லாவற்றையும் தொட்டுவிட விரும்புபவர்களும் தாராளமாகப் போகலாம். பதிவு செய்யும்போதே நார்த் வில்க்ஸ்பரோ தடத்துக்குள் அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தக் கார் உள்ளவர்களுக்கு ஹில்ஸ்பரோ தடம் விடியற்காலை முதல் அந்தி வரை திறந்திருக்கிறது, கட்டணம் கிடையாது, கயிற்றில் பிடித்து நாயையும் அழைத்துச் செல்லலாம். நவம்பரில் நான் தனியாக மறுபடி போனேன். இலைகள் உதிர்ந்திருந்ததால், முதல் வருகையில் மரங்களுக்குப் பின்னே மறைந்திருந்த காங்கிரீட் படிகள் முழுவதும் தெரிந்தன. வளைவிலிருந்து ஆறு வரைக்குமான சரிவும் தெரிந்தது. மழை பெய்த மறுநாள் என்பதால் செம்மண் காலணியில் அப்பி வீடு வரை வந்தது.